எல்லோருக்கும் ஒரே புத்தகம்

அமெரிக்க தேசத்திலே சர்வகலாசாலையில் இடம் பெற்ற மாணாக்கருக்குச் சம்பளக் கணக்கும் விடுதி விதிகளும் வருவதோடு, சில இடங்களிலிருந்து இன்னொரு கட்டளையும் வருவதுண்டு. கலாசாலை திறப்பதற்குள் இன்ன புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டு வரவேண்டும் என்பதே அது. ரசாயனம் பயில வருகிறவர்கள், யந்திர சாஸ்திரம் பயில வருகிறவர்கள், சங்கீதம் கற்க வருகிறவர்கள் ஆகிய எல்லோருக்கும் ஒரே புத்தகம். பெரும்பாலும் இதற்குப் பரீக்ஷை கிடையாது. கலாசாலைக்கு வந்ததும் சிறு சிறு கூட்டமாக உட்கார்ந்து அதைப்பற்றிப் பேசவேண்டும், அவ்வளவுதான்.

இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். பல ஊர்களிலிருந்து வந்து முன்பின் அறியாமல் நிற்கும் பிள்ளைகளுக்கு, ஊரும் பேரும் விசாரித்தபின் பேசுவதற்கு ஒரு பொது விஷயம் வேண்டுமல்லவா? பணக்கார வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும் ஒரே கதையைப் படித்துவிட்டு வந்தால், இருவரும் அதை ஒரே மாதிரி புரிந்துகொள்ளவில்லை என்பது முதல் நாளே வெளிப்படும். உயர்தரக் கல்வியின் முதல் பாடம் அதுவே என்பது இம்முறையை ஏற்படுத்தியவர்களின் கருத்து.

வந்தவர் யாவரும் ஒரே நூல்களைப் படிக்கவேண்டும் என்ற எண்ணம் புதிதன்று. நியூயார்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலையில் 1937-ம் ஆண்டு முதல் ஹோமர் முதலிய மகாகவிகளின் நூல்களை முதல் வருஷத்தார் பொதுப் பாடமாகப் படித்து வருகின்றனர். 1998-ல் ஸியாட்டில் நகரத்துப் புத்தகசாலையார், நகரவாசிகள் அனைவரும் ஒரே நாவலைப் படித்துப் பேசும்படி ஏற்பாடு செய்தார்கள். அடுத்த ஆண்டில், வட கரோலினா மாகாணத்தில் சாப்பல் ஹில் என்னுமிடத்திலுள்ள சர்வகலாசாலை, புது மாணாக்கருக்குக் கோடை விடுமுறை வாசிப்பை ஆரம்பித்தது.

சண்டை பிறந்தது 2002-ல். அதற்கு முந்திய செப்டம்பரில் நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் நடந்த பயங்கரத் தாக்குதலால் தேசமே கொதித்துக் கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் சர்வகலாசாலை தேர்ந்தெடுத்த நூல், பேராசிரியர் மைக்கேல் ஸெல்ஸ் குர்-ஆனின் ஆரம்ப காலத்து அத்தியாயங்களை மொழிபெயர்த்து விளக்கம் எழுதியது. உடனே ஆக்ஷேபம் கிளம்பிற்று. பொது ஜனங்களின் வரிப் பணத்தில் நடக்கும் ஸ்தாபனம் ஒரு மதத்தைப் புகட்டலாமா என்று கேட்டு, ஒரு கிறிஸ்தவ சங்கத்தாரும் சில மாணாக்கரும் நியாயஸ்தலத்துக்குப் போனார்கள். சட்டசபையிலும் இத்திட்டத்துக்குப் பணம் கொடுக்கலாகாதென்று குரல் எழுந்தது.

சர்வகலாசாலையார் புத்தகத்தை மாற்றவில்லை. ஆனால், படிக்க மனம் ஒப்பாதவர்கள் ஏன் ஒப்பவில்லை என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும் என்று அறிவித்தார்கள். நீதிபதி தடையுத்தரவு கொடுக்க மறுத்துவிட்டார். மேல் கோர்ட்டும் தலையிடவில்லை. ஆகஸ்டு 19-ந் தேதி, குறித்தபடியே, கூட்டங்கள் அமைதியாக நடந்தேறின.

தெற்கு கரோலினாவில் விஷயம் வேறு விதமாக முடிந்தது. சார்ல்ஸ்டன் கலாசாலை 2013-ல் அலிஸன் பெக்டெலின் சித்திர சுயசரிதை ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. அதில் ஓரினக் காதல் பேசப்படுகிறதென்று கோபங்கொண்ட பிரதிநிதி சபையார், 2014-ல் கலாசாலைக்குரிய பணத்தில் 52,000 டாலரை வெட்டும்படி வாக்களித்தனர். முடிவில் பணம் திரும்பிற்று. ஆனால் அரசியல் சாஸனம் முதலியவற்றைக் கற்பிக்கவே செலவிடவேண்டும் என்ற நிபந்தனையோடு திரும்பிற்று.

நிற்க. இம்முறையின்மேல் சொல்லப்படும் குறைகளெல்லாம் துவேஷத்தால் பிறந்தவை அல்ல. புதுப் புத்தகங்களையே பொறுக்குகிறார்கள், பழைய பெருநூல்களைத் தொடுவதில்லை என்று கல்விமான்கள் சிலர் குறை கூறுகின்றனர். அதற்குக் காரணமும் உண்டு. நூல் மிகப் பெரிதாயிருக்கலாகாது. மலிவுப் பதிப்பில் கிடைக்கவேண்டும். ஆசிரியரை நேரில் வரவழைத்துப் பிரசங்கம் செய்விக்கவும் வேண்டும். இப்படியெல்லாம் நிபந்தனை போட்டால், ஹோமர் எப்படி வருவார்? மேலும், பரீக்ஷை இல்லாத புத்தகத்தைப் பிரிக்காமலே வருகிற பிள்ளைகளும் உண்டென்பதில் ஆச்சரியமில்லை.

இவ்வளவு இருந்தும் நாம் இம்முறையை ஆதரிக்கிறோம். ஒரு நூலைப் படிப்பது வேறு, அதற்குத் தலை வணங்குவது வேறு. இந்த வித்தியாசத்தை அறியாத ஜனங்களிடம் சுதந்திரம் நெடுநாள் தங்காது. சாப்பல் ஹில்லில் வென்றது ஒரு மதமுமன்று, ஒரு கட்சியுமன்று. படித்துப் பேசியவனுக்கும், படிக்க மறுத்துக் காரணம் எழுதியவனுக்கும் அங்கே இடம் இருந்தது. சட்டசபையார் பண மூட்டையைக் காட்டிப் பயமுறுத்தும் இடத்திலோ, இருவருக்குமே இடமில்லாமற் போகும்.

நம் குடும்பங்களிலிருந்தும் எத்தனையோ பிள்ளைகள் கடல் கடந்து அந்தக் கலாசாலைகளுக்குச் செல்கிறார்கள். அவர்களில் யாருக்காவது இப்படியொரு புத்தகம் குறித்த கடிதம் வந்தால், பெற்றோர் அதைப் பயணச் சாமான் ஜாபிதாவில் ஓர் உருப்படியாகக் கருதி விட்டுவிட வேண்டாம். இன்னொரு பிரதி வாங்கித் தாங்களும் படிக்கட்டும். பிள்ளை விமானம் ஏறுமுன், கூடத்தில் உட்கார்ந்து அதைப்பற்றிக் கொஞ்சம் வாதாடினால் எவ்வளவோ நல்லது. அங்கே போய் அந்நியர் நடுவே தன் அபிப்பிராயத்தைச் சொல்லவேண்டிய பிள்ளைக்கு, அதற்கு வேண்டிய தைரியம் வீட்டிலேயே கிடைத்துவிடும்.