அழைப்பது யார், எடுப்பது யார்?

நம் தமிழ்க் கழகங்களில் ஒவ்வோர் ஆண்டும் செயலவை மாறுகிறது. மாறாமல் இருப்பது அறையின் மூலையில் உள்ள கணினி ஒன்றுதான். நாடக விழாவின் ஒளிப்பதிவு, ஆண்டிதழின் பக்க வடிவமைப்புக் கோப்புகள், பல ஆண்டுப் படங்கள், வரவு செலவுக் கணக்கு எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. துறை ஆய்வகங்களிலும் இதே கதைதான். ஒருவரின் முதுகலை ஆய்வேட்டுக்கான தரவு முழுவதும் ஒரே வன்தட்டில் இருக்கும். சற்று முன்யோசனை உள்ள ஓர் அண்ணனோ அக்காவோ, இரவுதோறும் காப்பு நகல் எடுக்க ஒரு வழங்கியை அமைத்துவிட்டுப் பட்டம் பெற்றுப் போயிருப்பார். பிறகு ஒருநாள் வழங்கிக்கும் கணினிக்கும் இடையே தொடர்பு அறுந்துவிடும். ரௌட்டரை மாற்றியிருப்பார்கள்; விண்டோஸைப் புதுப்பித்திருப்பார்கள்; கணினியை வேறு மாடிக்குக் கொண்டுபோயிருப்பார்கள். வழங்கி ஒவ்வோர் இரவும் முயன்று, தோற்று, அந்தத் தோல்வியைத் தன் பதிவேட்டில் எழுதி வைக்கும். அதைத் திறந்து படிக்கத்தான் ஆள் இருக்காது.

இது சிறிய கழகங்களுக்கு மட்டும் நேர்வதன்று. 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், வேறொரு வழங்கி என்று எண்ணி முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்பு நகலைத் தேடியபோதுதான் அது எடுக்கப்படாமலே இருந்தது தெரிய வந்தது. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களை, அனுப்பியவருக்குரிய சான்று இல்லை என்று பெறும் வழங்கி தள்ளிவிட்டிருந்தது. 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக எடுத்திருந்த நகல் தற்செயலாகக் கையில் இருந்ததால், அந்த 6 மணி நேரத் தரவு மட்டுமே போயிற்று.

வழங்கியும் கணினியும் பேசிக்கொள்ளாதபோது எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பது எப்படி? இதை விளக்க பாக்குலா என்ற மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். கெர்ன் சிபால்ட் 2000ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கி, 2002இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. பேக்கப் என்ற சொல்லையும் டிராகுலாவையும் சேர்த்துக் குழைத்த பெயர். இரவில் வந்து கணினிகளின் சாரத்தை உறிஞ்சிச் செல்வதாம்! இதிலிருந்து பிரிந்து வளர்ந்த பேரியோஸுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

பாக்குலா ஒரே நிரல் அன்று. மூன்று நிரல்கள் சேர்ந்து செய்யும் வேலை. எப்போது, எதை நகலெடுப்பது என்று முடிவு செய்வது டைரக்டர். அதை இயக்குநர் என்போம். நகலெடுக்கப்பட வேண்டிய கணினியில் இருந்து கோப்புகளைப் படித்துத் தருவது ஃபைல் டீமன், அது கோப்பாளர். வாங்கி வட்டிலோ நாடாவிலோ எழுதுவது ஸ்டோரேஜ் டீமன், அது சேமிப்பாளர். ஐபி முகவரி ஒரு கட்டடத்தின் முகவரி என்றால், போர்ட் என்பது அதற்குள் இருக்கும் அறை எண். இயக்குநர் 9101ஆம் அறையிலும், கோப்பாளர் 9102இலும், சேமிப்பாளர் 9103இலும் அழைப்புக்காகக் காத்திருப்பார்கள். பொதுவாக இயக்குநரும் சேமிப்பாளரும் வழங்கியில் ஒன்றாக இருப்பார்கள். கோப்பாளர் மட்டும் நம் கணினியில் தனியாக இருப்பார்.

இரவு வேலை தொடங்கும்போது இயக்குநர் முதலில் சேமிப்பாளரை அழைத்துத் தயாராக இருக்கச் சொல்கிறார். அடுத்து நம் கணினியின் 9102க்கு அழைத்துக் கோப்பாளரிடம் இன்னின்ன கோப்புகள் வேண்டும் என்கிறார். கூடவே, சேமிப்பாளர் இன்ன முகவரியில் இருக்கிறார், அங்கே கொண்டுபோய்க் கொடு என்றும் சொல்கிறார். அதன் பிறகு கோப்பாளர் தாமே வழங்கியின் 9103க்கு அழைக்கிறார். கோப்புகள் போவது இந்த அழைப்பின் வழியாகத்தான். இயக்குநர் அவற்றைத் தொடுவதே இல்லை.

ஆக, வழங்கிக்கும் கணினிக்கும் நடுவே இரண்டு அழைப்புகள் உள்ளன, எதிரெதிர்த் திசைகளில். பலர் மணிக்கணக்காகக் குழம்புவது இதை அறியாததால்தான். இயக்குநரின் கட்டளைத் திரையில் ‘ஸ்டேட்டஸ் கிளையண்ட்’ என்று அடித்தால் கோப்பாளர் பளிச்சென்று பதில் சொல்கிறார். தொடர்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று வேலையை ஓடவிட்டால், அது நின்றே கிடக்கிறது. ஏனென்றால் அந்தக் கட்டளை சோதித்தது முதல் அழைப்பை மட்டும். இரண்டாவதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ‘ஸ்டேட்டஸ் டைரக்டர்’ என்று கேட்டால், கோப்பாளர் சேமிப்பாளரோடு இணைவதற்காகக் காத்திருக்கிறேன் என்று இயக்குநர் ஒரு வரியில் சொல்லிவிடுவார். எந்தத் திசை அடைபட்டிருக்கிறது என்பது அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

இந்த இடத்தில் நான் முதலில் பார்க்கச் சொல்வது, இயக்குநரின் அமைப்புக் கோப்பில் சேமிப்பாளருக்கு என்ன முகவரி எழுதியிருக்கிறது என்பதை. ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று இருந்தால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. இரண்டும் ஒரே வழங்கியில் இருப்பதால் இயக்குநருக்கு அந்த முகவரி சரிதான். ஆனால் அதையே அவர் கோப்பாளருக்கும் எடுத்துச் சொல்கிறார். நம் கணினிக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் தன்னையே குறிக்கும். அது தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிக்கொண்டிருக்கும். ஐபி எண்ணுக்குப் பதில் வழங்கியின் பெயரை எழுதியிருந்தாலும் கவனம் தேவை. அந்தப் பெயரை எண்ணாக மாற்ற வேண்டியது நம் கணினி. வழங்கியில் அந்தப் பெயர் தெரிகிறது என்பதால் நம் கணினிக்கும் தெரியும் என்று சொல்ல முடியாது.

முகவரி சரியென்றால் அழைத்துப் பார்க்க வேண்டும், அதுவும் உரிய இடத்தில் உட்கார்ந்து. 9103ஐச் சோதிப்பவர் நம் கணினியின் முன் இருக்க வேண்டும். 9102ஐச் சோதிப்பவர் வழங்கியின் முன் இருக்க வேண்டும். வழங்கியிலிருந்தே வழங்கியின் 9103ஐத் தட்டிப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்பவர்கள் நிறையப் பேர். லினக்ஸில் டெல்நெட் கட்டளையே போதும். விண்டோஸின் பவர்ஷெல்லில் ‘டெஸ்ட் நெட்கனெக்‌ஷன்’ இருக்கிறது. பிங் செய்து பார்ப்பதை நம்பிவிடாதீர்கள். பிங்குக்குப் பதில் வந்தால் கட்டடம் இருக்கிறது என்று தெரியுமே தவிர, அறைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தெரியாது. விண்டோஸின் தீச்சுவர் பிங்கை அடைத்து வைத்திருப்பதும் உண்டு. அப்போது பதில் வராததற்கும் பொருள் இல்லை.

கிடைக்கும் பதிலை எழுத்துக்கு எழுத்துப் படியுங்கள். ‘கனெக்‌ஷன் ரெஃபியூஸ்டு’ என்று உடனே வந்தால், மகிழ வேண்டிய செய்தி அது. நம் அழைப்பு அந்தக் கணினி வரை போயிருக்கிறது. அந்த அறையில் ஆள் இல்லை என்று அதுவே பதில் சொல்கிறது. நிரல் ஓடவில்லை, அல்லது வேறு முகவரியில் மட்டும் காத்திருக்கிறது. டெபியனில் பாக்குலாவை நிறுவினால் அதன் நிரல்கள் தொடக்கத்தில் 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டுமே காத்திருக்கும். பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அமைப்புக் கோப்பில் அந்த வரியை மாற்றும்வரை வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது. தீச்சுவரே வேண்டுமென்று மறுப்புச் சொல்வதும் அரிதாக உண்டு.

பதிலே வராமல் இரண்டு நிமிடத்துக்கு மேல் இழுத்து ‘டைம்ட் அவுட்’ என்று முடிந்தால் கதை வேறு. நம் அழைப்பை யாரோ வழியில் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டார்கள். பெரும்பாலும் தீச்சுவர்தான், இல்லையென்றால் முகவரி தவறு, அல்லது கணினி அணைந்திருக்கிறது. விண்டோஸில் புதிய வலையமைப்பில் இணையும்போது அது ‘பப்ளிக்’ வகையில் சேர்ந்துவிட்டால், தனி வலையமைப்புக்கென்று திறந்து வைத்திருந்த அனுமதி செல்லாது. கணினியை மாடி மாற்றியதும் நகல் நின்றது என்பதற்கு இது ஒரு வழக்கமான காரணம். ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளில் ‘நோ ரூட் டு ஹோஸ்ட்’ என்று வந்தால் கம்பியைத் தேடி ஓட வேண்டாம். அவற்றின் தீச்சுவர் தடுக்கும்போதும் இதே வாசகம்தான் வரும்.

கடவுச்சொல் பிழை இவற்றோடு சேராது. அழைப்பு எடுக்கப்பட்டு, குரல் அடையாளம் தெரியாமல் வைக்கப்பட்டது போல அது. இயக்குநரின் கோப்பில் உள்ள கடவுச்சொல்லும் கோப்பாளரின் கோப்பில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். இயக்குநரின் பெயரும் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். வழங்கியை மீண்டும் நிறுவியவர்கள் கடவுச்சொல்லை மட்டும் ஒட்டிவிட்டுப் பெயரை மறந்துவிடுவார்கள்.

சிறிய நகல்கள் ஒழுங்காக முடிந்து, பல மணி நேரம் ஓடும் முழு நகல் மட்டும் அறுந்துபோனால் சந்தேகிக்க வேண்டியது மௌனத்தை. கோப்பாளரும் சேமிப்பாளரும் மும்முரமாக இருக்கும்போது இயக்குநரின் இணைப்பில் ஒரு சொல்லும் போவதில்லை. நடுவில் உள்ள தீச்சுவரோ ரௌட்டரோ, இது செத்த இணைப்பு என்று எண்ணி மறந்துவிடுகிறது. லினக்ஸ் தானாக இணைப்பைத் தட்டிப் பார்ப்பது வழக்கமாக 7200 விநாடிக்குப் பிறகுதான். அதற்குள் காரியம் கெட்டுவிடும். ‘ஹார்ட்பீட் இன்டர்வல்’ என்ற அமைப்பை 60 விநாடி அளவில் வைத்தால், அவ்வப்போது ஒரு துடிப்பு போய் இணைப்பு உயிரோடு இருக்கும்.

மடிக்கணினிகள் தனித் தலைவலி. வளாகத்தின் கம்பியில்லா வலையமைப்பிலிருந்து வழங்கியின் 9103க்கு வழி அடைபட்டிருந்து, எதிர்த்திசை மட்டும் திறந்திருந்தால், இயக்குநரின் கோப்பில் ‘எஸ்டி கால்ஸ் கிளையண்ட்’ என்ற அமைப்பை இடலாம். சேமிப்பாளரே கோப்பாளரை அழைப்பார். இரண்டு அழைப்புகளும் நம் கணினியின் 9102க்கே வரும். வீட்டு ரௌட்டருக்குப் பின்னால் இருக்கும் மடிக்கணினிக்கு இது உதவாது, அங்கே உள்ளே வரும் அழைப்புக்குத்தான் வழியில்லை. பேரியோஸின் பிந்திய பதிப்புகளில் மடிக்கணினியே இயக்குநரை அழைத்துத் தன்னைப் பதிந்துகொள்ளும் வசதி இருக்கிறது. அப்போது வழங்கியின் 9101உம் 9103உம் வெளியே திறந்திருந்தால் போதும்.

திருத்திய பிறகு ‘ஸ்டேட்டஸ்’ பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். சிறிய கோப்புறை ஒன்றை மட்டும் நகலெடுக்கச் சொல்லிக் கையாலேயே ஒரு வேலையை ஓட்டுங்கள். பின்னர் அதிலிருந்து ஒரு கோப்பை நம் கணினிக்கே மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். மீட்கும்போதும் அதே இரண்டு அழைப்புகள் தேவைப்படுகின்றன. கடைசியாகக் கோப்பாளரை நிறுத்திவிட்டு ஒரு வேலையை வேண்டுமென்றே தோற்கவிட்டு, அந்தச் செய்தி இவ்வாண்டுச் செயலவையில் ஒருவரின் மின்னஞ்சல் பெட்டிக்கு வந்து சேர்கிறதா என்று பாருங்கள். பட்டம் பெற்றுப் போன அண்ணனின் முகவரிக்குத்தான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்றால், மாற்ற வேண்டிய வரி ‘பாக்குலா டிஐஆர்’ அமைப்புக் கோப்பின் ‘மெசேஜஸ்’ பகுதியில் இருக்கிறது.