காந்தம் திரும்பியது, கிதாரின் குரல் மாறியது!

1959-ம் ஆண்டு. அமெரிக்காவில் கலமசூ என்ற ஊர். அங்கே கிப்சன் கம்பெனியின் தொழிற்சாலையில் ஒரு மின்சார கிதார் தயாரானது. அந்த ரகக் கிதாரின் விலை அன்று 300 டாலருக்கும் குறைவு.

இன்று அதே ஆண்டில் செய்த அதே ரகக் கிதார் விலைக்கு வந்தால், லட்சக்கணக்கான டாலர் கேட்கிறார்கள். கொடுக்கவும் ஆள் இருக்கிறது!

அதில் தங்கம் இல்லை, வைரம் இல்லை. மரமும் கம்பியும்தான். பிறகு ஏன் இந்த விலை?

விலை போகாத கிதார்

அந்த ரகத்தின் பெயர் "லெஸ் பால்". புகழ் பெற்ற ஒரு கிதார் கலைஞரின் பெயர் அது. நடுவில் மஞ்சள், ஓரத்தில் சிவப்பு என்று அந்திச் சூரியனைப்போல் சாயம் பூசிய கிதார்கள் 1958 முதல் 1960 வரை வெளிவந்தன. சுமார் 1500 தான் செய்தார்கள். விற்பனை மந்தம். ஆகவே நிறுத்திவிட்டார்கள்.

1966-ல் காற்று மாறியது. எரிக் கிளாப்டன் என்ற ஆங்கில வாலிபர் இந்த ரகக் கிதாரை வாசித்த இசைத்தட்டு வெளிவந்தது. கேட்டவர்கள் அசந்து போனார்கள். "அந்தக் கிதார் எங்கே கிடைக்கும்?" என்று இளைஞர்கள் தேடத் தொடங்கினார்கள்.

கிதாரின் காது

தந்திகளுக்கு அடியில் சிறு பெட்டிபோல ஒன்று இருக்கும். அதற்கு "பிக்-அப்" என்று பெயர். மின்சார கிதாருக்குக் காது அதுதான்.

அதற்குள் ஒரு காந்தம். அதை ஒட்டி, தலைமயிரைப்போல் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். எஃகுத் தந்தியை மீட்டினால் அது துடிக்கும். காந்தத்தின் சக்தி அதற்கு ஏற்ப ஏறி இறங்கும். உடனே சுருளில் மின்சாரம் பிறக்கும். ஒலிபெருக்கி அதை இசையாக்கும்.

ஆனால் ஒரு தொல்லை. வீட்டு மின்சாரத்தின் "உம்" என்ற இரைச்சலும் சுருளில் புகுந்துவிடும்.

சேத் லவர் என்ற கிப்சன் எஞ்சினீயர் இதற்கு வழி கண்டார். ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு வைத்தார். அவற்றை எதிரெதிராக இணைத்தார். காந்தத்தின் வடதுருவம் ஒன்றுக்கு, தென்துருவம் மற்றொன்றுக்கு.

ஒரு வண்டியை இருவர் எதிரெதிரே நின்று தள்ளினால் நகருமா? அப்படித்தான் இரைச்சல் அடங்கியது. தந்தியின் ஓசையையோ இரு சுருளும் ஒரே பக்கம் தள்ளின. அது ஓங்கி ஒலித்தது!

1955-ல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டார். 1959-ல்தான் கிடைத்தது. அதுவரை சும்மா இருக்க முடியுமா? "காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்று பொருள்படும் சீட்டைப் பிக்-அப்பின் அடியில் ஒட்டினார்கள். அந்தச் சீட்டின் ஆங்கில முதல் எழுத்துக்களைக் கொண்டு "பி.ஏ.எப்." என்று இன்றும் அழைக்கிறார்கள்.

ஒவ்வொரு சுருளுக்கும் சுமார் 5000 சுற்று. ஆனால் எல்லாச் சுருளிலும் கணக்கு ஒன்றுபோல் இல்லை. சுற்று கூடினால் ஓசை கனக்கும், குறைந்தால் தெளியும். எனவே ஒவ்வொரு கிதாருக்கும் ஒரு தனிக்குரல்.

கை மாறியது

அந்த 1959-ம் ஆண்டுக் கிதார் ஒன்று லண்டனில் பீட்டர் கிரீன் என்ற கலைஞரிடம் வந்து சேர்ந்தது. 1967-ல் "பிளீட்வுட் மேக்" குழுவை ஆரம்பித்தவர் அவர்.

அந்தக் கிதாரில் ஒரு விசித்திரம்! அதிலுள்ள இரண்டு பிக்-அப்களில் ஒன்றின் காந்தம் தலைகீழாக இருந்தது. தனித்தனியே வாசித்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் சேர்த்து வாசித்தால், ஒன்றின் ஓசையை மற்றது எதிர்த்துத் தள்ளும். இரண்டும் தந்தியின் வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஓசை முழுதும் மறையாது. மூக்கால் அழுவதுபோல் ஒரு மெல்லிய குரல் எஞ்சும்.

யாரும் கோளாறு என்று சொல்லக்கூடியது, உலகப் புகழ் பெற்றது!

1970-ல் கிரீன் குழுவை விட்டு விலகினார். மனநோய் அவரை வாட்டியது. கேரி மூர் என்ற இளைஞருக்கு அந்தக் கிதாரைக் கொடுத்தார். "உன் கிதாரை விற்று, வந்ததைக் கொடு, போதும்" என்றாராம். மூர் அதை மறக்கவில்லை. 1995-ல் கிரீனின் பாட்டுக்களை அதே கிதாரில் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். 2006-ல் அதை விற்றார்.

2014-ல் "மெட்டாலிகா" குழுவின் கிர்க் ஹாமெட் அதை வாங்கினார். இரண்டு பிக்-அப்களையும் சேர்த்து வாசித்துப் பார்த்தார். அந்தக் குரல் கேட்டது. பிறகு அவர் தயங்கவில்லை.

வாங்குவோர் கவனிக்க

விலை ஏறிய இடத்தில் போலியும் நுழையும். பி.ஏ.எப். சீட்டையே போலியாக அச்சடிக்கிறார்கள். எனவே சீட்டை மட்டும் நம்பாதீர்கள்.

பிக்-அப் மாற்றப்பட்டதா, சுருள் மறுபடி சுற்றப்பட்டதா என்று கேளுங்கள். உள்ளே பழைய ஈயப்பற்று கலையாமல் இருக்கிறதா என்று விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஒவ்வொரு பிக்-அப்பையும் தனியாகவும், பிறகு சேர்த்தும் வாசித்துப் பாருங்கள்.

அவ்வளவு பணம் இல்லையா? கவலை வேண்டாம். கிரீனின் கிதாரைப்போலவே புதிய கிதார்களைக் கிப்சன் கம்பெனி 2023-ல் வெளியிட்டது. பழைய கிதாரைவிட அவற்றின் விலை பல மடங்கு குறைவு.

எதை வாங்கினாலும், முதலில் ஒலியைக் கேளுங்கள். விலையைப் பிறகு கேட்கலாம்!