தொட்டிக்குள் பவளக் கடல்

சாந்தோம் நெடுஞ்சாலையில் நிற்பவருக்குக் கடல் கண்ணில் படாவிட்டாலும் காற்றில் தெரியும். சன்னல் கம்பிகளில் துரு ஏற அங்கே அதிக நாள் ஆவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில், அடுக்கு மாடி வீடு ஒன்றின் கூடத்தில், நீல விளக்கின் கீழே பவளமும் கோமாளி மீனும் வாழும் கண்ணாடித் தொட்டி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொட்டியில் இருப்பது கடல் நீரேதான். ஆனால் அது சற்றுத் தொலைவில் அலையடிக்கும் வங்கக் கடலிலிருந்து வந்ததன்று. பையில் அடைத்து விற்கும் உப்பைச் சுத்திகரித்த தண்ணீரில் கரைத்துச் செய்தது. கடற்கரையில் குடியிருந்துகொண்டு கடல் நீரை விலை கொடுத்து வாங்குவானேன் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். இதற்கு விடை தேடப் புறப்பட்டால், அது நம்மை நெம்மேலி வழியாகத் தூத்துக்குடி வரை அழைத்துச் செல்கிறது.

சென்னைக்குக் கடல் மீன் காட்சி புதிதன்று. 1909-ஆம் ஆண்டிலேயே மெரினாவில் கடல் மீன் காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. ஆனால் மீனை மட்டும் வைத்திருப்பது வேறு. உயிருள்ள பவளத்தை வைத்திருப்பது வேறு. பின்னது எவ்வளவு கடினம் என்பதை அறிய, பவளம் என்பது என்ன என்று முதலில் பார்ப்போம்.

பவளம் கல்லா, செடியா, பிராணியா? ஓரளவில் மூன்றும் எனலாம். கடுகு முதல் சுண்டு விரல் நகம் வரை பருமனுள்ள மென்மையான உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழும் குடியிருப்பு அது. அவ்வுயிரின் திசுக்களுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தைக் கொண்டு சர்க்கரை செய்து, வீட்டுக்காரருக்கு வாடகை தருகின்றன. அந்த வருவாயில்தான் பவளம் கடல் நீரிலுள்ள சுண்ணாம்பைப் பிரித்துத் தன் கூட்டைக் கட்டுகிறது. நீரின் வெப்பநிலை வழக்கமான கோடை அளவைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தால் இந்த உறவு முறிந்துவிடும். பாசிகள் வெளியேற்றப்பட, பவளம் வெளுத்துப் போகும். அதே நிலை நீடித்தால் பட்டினியால் இறக்கும்.

கடலில் இந்த ஒன்றிரண்டு டிகிரி எளிதில் மாறுவதில்லை. காரணம் அதன் அளவு. கோடிக்கணக்கான டன் நீரைச் சூடாக்கப் பகல் வெயிலுக்கு வலு போதாது. 200 லிட்டர் தொட்டியின் கதை வேறு. 200 லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 200 கிலோ கலோரி போதும். தொட்டியில் நீரைச் சுழற்றும் பம்புகளும் விளக்கும் சேர்ந்து சராசரியாக 60 வாட் வெப்பத்தை நீருக்குள் விடுகின்றன என்போம். வெப்பம் வெளியேற வழியே இல்லாவிட்டால் ஒரே நாளில் நீர் 6 டிகிரி சூடேறிவிடும்! உப்பு, சுண்ணாம்பு, மீன் கழிவு ஆகியவற்றின் நிலையும் இதே போல்தான். கடல் தன் பருமனால் இலவசமாகப் பெறும் நிதானத்தைத் தொட்டிக்காரர் மின்சாரத்தாலும் தண்ணீராலும் விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது.

முதலில் தண்ணீர்

சாந்தோம் கடற்கரையின் தெற்கே அடையாற்று முகத்துவாரம், வடக்கே கூவம். இரண்டும் நகரத்தின் சாக்கடையைச் சுமந்து வருபவை. கரையோர நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுதி. தொட்டியில் அது வேண்டாத பாசிக்கு உரமாகிவிடும். தவிர, ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று நீர் வந்து கலக்கும்போது கரைக் கடலின் உப்புத்தன்மை வெகுவாகக் குறையும். படகில் வெகுதூரம் சென்று தெளிந்த நீரை எடுத்து வருவோர் உண்டு. எல்லாருக்கும் அது இயலாது. ஆகவே உப்புப் பை.

குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்தவும் முடியாது. குளோரினும் சிலிகேட்டும் நீங்க ஆர்.ஓ. கருவியில் வடிக்க வேண்டும். வீட்டு ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் நல்ல நீருக்குச் சுமார் மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளுகிறது. நம் தொட்டியில் நாளொன்றுக்கு 3 லிட்டர் ஆவியாகிறது எனக் கொள்வோம். உப்பு ஆவியாவதில்லை ஆதலால் நல்ல நீரை மட்டும் ஊற்றி நிரப்ப வேண்டும். இது வாரத்துக்கு 21 லிட்டர். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவது வழக்கம்; அது 20 லிட்டர். ஆக 41 லிட்டர் நல்ல நீருக்காக 120 லிட்டருக்கு மேல் சாக்கடைக்குப் போகிறது. (வீடு துடைக்கவும் துணி அலசவும் அதைப் பிடித்து வைப்பவர்களை அறிவேன். பிடித்து வைக்காதவர்களையும் அறிவேன்.) 2019-ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றவர்கள் இந்தக் கணக்கை நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 2013-ஆம் ஆண்டு முதல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்கித் தென்சென்னைக்கு அனுப்புகிறார்கள். இம்முறையில் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகும். அந்த நீர் வரும் வீட்டில் உப்பு நீர்த் தொட்டி ஒன்று இருந்தால் என்ன ஆகும்? கடலில் எடுத்த நீரிலிருந்து உப்பை நீக்கி, குழாயில் அனுப்பி, வீட்டில் மறுபடி ஒரு முறை வடித்து, லிட்டருக்கு 35 கிராம் வீதம் மறுபடி உப்பைக் கரைத்துக் கடல் நீராக்குகிறார்கள்! 20 லிட்டருக்கு 700 கிராம். ஆண்டுக்கு 36 கிலோ உப்பு.

பிறகு வெப்பம்

பவளத் தொட்டியை 25, 26 டிகிரி சென்டிகிரேடில் வைக்க விரும்புவார்கள். மே மாதச் சென்னையில் அறையின் வெப்பநிலையே 33, 34. குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் முடியாது என்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எல்.இ.டி. விளக்கு 100 வாட், 8 மணி நேரம். பம்புகளும் நுரை பிரிக்கும் கருவியும் 55 வாட், 24 மணி நேரமும். சில்லர் 200 வாட், 10 மணி நேரம். மொத்தம் நாளொன்றுக்கு 4 யூனிட்டுக்குச் சற்று மேல். ஆண்டு முழுதும் இப்படி ஓடினால் சுமார் 1,500 யூனிட். சாதாரணக் குளிர்பதனப் பெட்டி ஐந்தாறு இழுக்கும் மின்சாரம் இது. நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது; ஆக, ஒரு தொட்டிக்கு ஆண்டொன்றுக்கு ஒரு டன். எல்.இ.டி. வருவதற்கு முன் 250, 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்குகளை எரித்தார்கள். அந்தக் கணக்கை நான் போடவில்லை.

சில்லர் வெப்பத்தை அழிப்பதில்லை. தொட்டியிலிருந்து எடுத்துக் கூடத்தில் கொட்டுகிறது. தான் உண்ட மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்தே கொட்டுகிறது. கூடத்தில் ஏ.சி. இருந்தால் அது இந்த வெப்பத்தைத் தெருவில் கொட்டும். இன்னும் சற்றுப் பின்னால் போவோம். அனல் மின் நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. அதாவது நீங்கள் பெறும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் இரண்டு யூனிட் வெப்பம் புகைபோக்கியிலும் குளிர்விக்கும் நீரிலும் போய்விடுகிறது. 1979-இல் இயங்கத் தொடங்கிய தூத்துக்குடி அனல் மின் நிலையம் குளிர்விக்கக் கடல் நீரையே எடுத்து, சூடான நீரைக் கடலிலேயே விடுகிறது. எந்தக் கடல்? பவளத் திட்டுகள் நிறைந்த மன்னார் வளைகுடா. மின்கம்பியில் வரும் மின்சாரத்துக்கு ஊர்ப் பெயர் இல்லை. எல்லா நிலையங்களின் மின்சாரமும் கலந்தே வருகிறது. சாந்தோமில் ஒரு முழப் பவளத்தைக் குளிர்விக்க, தூத்துக்குடிக் கடலில் சிறிதளவாவது வெப்பம் சேர்கிறது என்று சொன்னால் அது அலங்காரப் பேச்சு அன்று. ஆற்றல் அழிவின்மை விதி. ஒரு தொட்டியின் பங்கு மிகமிகச் சிறிது என்பதும் உண்மையே. ஆனால் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்துப் போனது, உலகெங்கும் இத்தகைய சிறு பங்குகள் கூடிக் கடல் சூடானதால்தான்.

இதற்கு மாற்று இல்லையா? உண்டு. அது நம் பாட்டி வீட்டு மண்பானையில் இருக்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 200 லிட்டர் தொட்டியை ஏறத்தாழ 3 டிகிரி குளிர்விக்க அது போதும். நீர்ப்பரப்பின் மீது வீசுமாறு 5 வாட் மின்விசிறி ஒன்றை வைத்து நாளைக்கு 2 லிட்டர் கூடுதலாக ஆவியாகச் செய்தால், பம்புகளும் விளக்கும் தந்த வெப்பம் கிட்டத்தட்ட முழுதும் போய்விடும். ஆயினும் கடலோரத்தில் இந்த வித்தைக்கு ஓர் எல்லை உண்டு. ஈரக் குமிழ் வெப்பமானி காட்டும் அளவுக்குக் கீழே நீரைக் குளிர்விக்க ஆவியாதலால் முடியாது. கடற்காற்று வீசும் மே மாதச் சாந்தோமில் அந்த அளவே 26, 27 டிகிரி. நடைமுறையில் 28, 29-க்குக் கீழே இறங்குவது கடினம். கோமாளி மீனுக்கு அது போதும். நுட்பமான பவளங்களுக்குப் போதாது. ஆவியான 2 லிட்டருக்கு 6 லிட்டர் ஆர்.ஓ. கழிவு என்பதையும் மறக்கவேண்டாம். மின்சாரத்தில் மிச்சம் பிடித்தால் தண்ணீரில் செலவு! மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுபவர் இவ்விரண்டிலிருந்தும் ஓரளவு தப்பலாம்.

தொட்டிக்குள் வந்தவர்கள்

கொளத்தூரில் விற்கும் தங்கமீன், கப்பி, சண்டைமீன் போன்ற நன்னீர் மீன்கள் பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை. கடல் மீன்கள் அப்படியல்ல. உலகெங்கும் விற்பனையாகும் கடல் அலங்கார மீன் வகைகளில் மிகப் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடித்தவையே. பிடிக்கும் முறைகளில்தான் கொடுமை. பிலிப்பைன்சில் 1960-களிலிருந்து பவள இடுக்குகளில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடித்தார்கள். மயங்கிய மீன் தப்பினாலும் அருகிலிருந்த பவளம் செத்தது. இலங்கையில் விளிம்பில் கனம் கட்டிய கூம்பு வலையைப் பவளத்தின் மீது கவிழ்த்து, உள்ளே கம்பியால் அடித்து மீனை விரட்டிப் பிடிக்கும் வழக்கம் இருந்தது. அங்கே அவ்வலை பின்னர்த் தடை செய்யப்பட்டது.

எல்லா மீனையும் ஒன்றாக எண்ணக் கூடாது. நீலக் கோடு போட்ட துப்புரவு மீன் ஒன்று உண்டு. மற்ற மீன்கள் அதனிடம் வந்து வரிசையில் நிற்கும். அவற்றின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளை அது தின்று சுத்தம் செய்யும். ஆஸ்திரேலியாவின் லிசார்டு தீவில் சில திட்டுகளிலிருந்து மட்டும் இம்மீன்களை எட்டு ஆண்டுகளுக்கு மேல் அகற்றிப் பார்த்தார்கள். அத்திட்டுகளில் மற்ற மீன்களும் எண்ணிக்கையில் குறைந்தன. சிலவற்றின் உடல் அளவும் சிறுத்தது. தொட்டியிலோ இந்த மீன் போதிய இரையின்றிப் பெரும்பாலும் விரைவில் இறந்துவிடுகிறது. அழகுக்காக அதை வாங்குவதை என்னால் எவ்விதத்திலும் நியாயப்படுத்த முடியவில்லை.

பவளத்தைப் பொறுத்தவரை நம் நாட்டில் கேள்விக்கே இடமில்லை. 2001-ஆம் ஆண்டு முதல் கல்பவளம், கறுப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் கடற்குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்குத் தரும் அதே பாதுகாப்பு! மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. கடைகளில் ‘லைவ் ராக்’ என்ற பெயரில் வரும் துளை நிறைந்த கல்லும் பெரும்பாலும் இறந்த பவளமே. பந்து போன்ற பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். கால்பந்து அளவுக் கல் ஒன்றுக்குப் பின்னால் பத்து, இருபது ஆண்டு உழைப்பு இருக்கிறது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவுக்கு நேர்ந்த கேட்டில் மீன் தொட்டிக்காரர்களின் பங்கு சிறிது. தூத்துக்குடிப் பகுதியில் பல்லாண்டுக் காலம் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை வெட்டிப் படகு படகாக ஏற்றினார்கள். 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டும் நீருக்குள் மூழ்கிப்போனதற்கு இந்த வெட்டுதலே முக்கிய காரணம் என்பர். 1986-இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகும் களவாக நடந்து, 2005 வாக்கில்தான் பெரும்பாலும் ஓய்ந்தது. இப்போது தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்க்கிறார்கள். இந்நிலையில் எஞ்சியதிலிருந்து ஒரு கிளையை ஒடிப்பதும் சிறியதல்ல.

ஆசை விடவில்லை என்பவருக்கு நல்ல வழி மண்டபத்தில் இருக்கிறது. அங்குள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளி மீன், டாம்செல் மீன் முதலியவற்றைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து, நுண்ணிய ரோட்டிபர்களை ஊட்டிக் குஞ்சு வளர்க்கும் முறையைக் கண்டு, கடலோர மக்களுக்கும் பயிற்சி தந்திருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் கோமாளி மீனை வளர்த்துக் காட்டினார்கள். பண்ணையில் பிறந்த கோமாளி மீன் இரண்டு, பவளத்துக்குப் பதில் பீங்கானாலோ சிமெண்டாலோ செய்த பாறை, ஒரு சின்ன விசிறி. சில்லர் தேவைப்படாது, மின் செலவு கால்பங்காகக் குறையும்.

கடைசியாக, தொட்டியைக் கலைக்கும்போது. பாவம் என்று மீனைக் கடலில் விடுவது நம்மவர் வழக்கம். இங்கேதான் ஆபத்து. மத்தியதரைக் கடலில் 1984-இல் மொனாக்கோ காட்சிச்சாலையின் அருகே சிறு திட்டாகக் காணப்பட்ட காலெர்ப்பா என்னும் தொட்டிப் பாசி, பின்னர் ஆயிரக்கணக்கான ஏக்கர் கடலடியை மூடியது. நம் கடலில் சாதாரணமாகத் திரியும் சிங்கமீன், 1985-இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் தென்பட்டது. தொட்டியிலிருந்து தப்பியதோ, விட்டதோ, இன்று கரீபியக் கடல் முழுதும் உள்ளூர் மீன்களைத் தின்று தீர்க்கிறது. நம் குருசடைத் தீவிலேயே 2008-இல், வளர்ப்புக்காகக் கொண்டு வந்த காப்பாபைக்கஸ் என்னும் அயல் பாசி பவளத்தின் மேல் படர்ந்திருக்கக் கண்டார்கள். ஆகவே பட்டினப்பாக்கம் கரையில் எதையும் கொட்டவேண்டாம். மீனை விற்ற கடைக்கே திருப்பித் தாருங்கள். தொட்டி நீரில் பிளீச்சிங் தூள் கலந்து ஒரு நாள் வைத்துக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றுங்கள். மழைநீர் வடிகாலில் ஊற்றினால் அது ஆற்றுக்கும் கடலுக்குமே போய்ச் சேரும். கல்லையும் மணலையும் மொட்டை மாடியில் நல்ல வெயிலில் சில வாரங்கள் காய வையுங்கள்.