பம்ப் வாங்கும் முன் நீரைப் பாருங்கள்

கோலா பிலா தோட்டப்புறங்களில் பலர் நீர்மூழ்கிப் பம்ப் வாங்கும்போது குதிரைத்திறனை மட்டுமே விசாரிக்கின்றனர். எந்த நீரில் இறக்கப்போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. மோட்டாரைக் குளிர்விப்பதே சுற்றியுள்ள நீர்தான். சாதாரணப் பம்புகள் பெரும்பாலும் 40 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். கிணற்று நீருக்கு அது போதும். செம்பனை ஆலையிலிருந்து வெளியாகும் கழிவுநீரோ 80 முதல் 90 டிகிரி சூடு. அமிலத்தன்மையும் உண்டு, எண்ணெயும் சக்கையும் கலந்திருக்கும். அதை ஆறவிட்ட பிறகும், சக்கை அடைக்காத அகன்ற வழியுள்ள, துருப்பிடிக்காத எஃகுப் பம்பையே இறக்க வேண்டும்.

ரப்பர் பால் இன்னும் பிடிவாதமானது. வேகமாகச் சுழலும் பம்பில் அடிபட்டால் உறைந்து அடைத்துக்கொள்ளும். உறையாதிருக்கச் சேர்க்கும் அமோனியாவோ பித்தளை பாகங்களை அரிக்கும். அதற்குக் கரையில் வைத்து இயக்கும் டயாஃப்ரம் பம்பே மேல். எந்தப் பம்பானாலும், மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாமல் நீரில் இறக்காதீர்கள். ஓடும்போது குட்டையில் கால் வைக்காதீர்கள்.