எந்த முருகன் சார் நீங்க?

தருமபுரியில் ஏதாவது ஓர் ஆபீஸ் வாசலில் நின்று, "முருகன் சார்!" என்று கூப்பிட்டுப் பாருங்கள். மூன்று தலையாவது திரும்பும். மனுஷன் என்றால், "எந்த முருகன்? பென்னாகரமா, பாலக்கோடா?" என்று கேட்டுக்கொள்வான். மெயில் சர்வர் கேட்காது. அதன் டேட்டாபேஸில் என்ன எழுதியிருக்கிறதோ, அதுதான் அதற்கு வேதம்.

ஒரே முகவரி இரண்டு பேருக்குப் பதிவாகிவிட்டால்? உங்கள் இன்க்ரிமென்ட் ஆர்டர் பக்கத்து சீட் முருகனுக்குப் போகும். (அவர் உங்களிடமே பார்ட்டி கேட்பார்!)

இதைத் தடுக்கத்தான் 'யூனிக்' என்ற கண்டிஷன். ஒரு முகவரிக்கு ஒரே ஆள். இரண்டாவது ஆளைச் சேர்க்கப் போனால் டேட்டாபேஸே கதவைச் சாத்திவிடும்.

அடுத்தது 'ஃபாரின் கீ'. பெயரைப் பார்த்து பயப்படாதீர்கள். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூரும் ஊத்தங்கரையும் அங்கே போயின. அரூரும் பென்னாகரமும் இங்கேயே நின்றன. எந்தத் தாலுகாவும் மாவட்டம் இல்லாமல் அந்தரத்தில் தொங்கவில்லை. அதே சட்டம்தான் இங்கேயும். எனக்குத் தெரிந்த ஓர் ஆபீஸில் 'சேல்ஸ்' என்ற பொது முகவரிக்கு வரும் கடிதமெல்லாம் ஒருவருக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் ராஜினாமா செய்ததும் அவர் கணக்கை அழித்தார்கள். பொது முகவரி மட்டும் இல்லாத ஆளையே காட்டிக்கொண்டிருந்தது. வந்த ஆர்டரெல்லாம் வந்த வழியே திரும்பிப் போயின. ஃபாரின் கீ இருந்திருந்தால், "முதலில் சேல்ஸுக்கு வேறு ஆளைப் போடு, அப்புறம் இவரை அழி" என்று மறித்திருக்கும்.

கண்டிஷன் எழுதினால் மட்டும் போதாது சார். 'மைஎஸ்க்யூஎல்' என்ற பிரபல டேட்டாபேஸ், 'செக்' என்ற கண்டிஷனைப் பல வருடம் தலையாட்டி வாங்கிக்கொண்டது, அமல்படுத்தவில்லை. 2019-ல் வந்த 8.0.16 பதிப்பில்தான் அது வேலை செய்ய ஆரம்பித்தது. அதுவரை, 'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்று எழுதிய சுவர் கதைதான்! அதனால் வேண்டுமென்றே ஒரு தப்பான பதிவைப் போட்டுப் பாருங்கள். மறுத்தால்தான் காவல் இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று. போனவர் முகவரியைப் புது ஆளுக்குக் கொடுக்காதீர்கள். 2013-ல் யாஹூ, நெடுநாள் திறக்காத முகவரிகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்தது. பழையவருக்கு வந்த அந்தரங்கக் கடிதங்கள் சில புதியவர் கையில் விழுந்தன. கணக்கை அழிக்காமல் 'மூடப்பட்டது' என்று குறித்து வைத்தால், அந்தப் பெயரை வேறு யாரும் வாங்க முடியாது.

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன் சார்" என்று கம்ப்யூட்டர் தம்பி சொன்னால், "நீ பார்க்க வேண்டாம்ப்பா, டேட்டாபேஸைப் பார்க்கச் சொல்லு" என்று சொல்லுங்கள். தம்பி தீபாவளிக்கு லீவு போடுவார். அது போடாது!