முதல் போணி எங்கிருந்து வரும்?

மளிகைக் கடை திறந்தால் அன்றைக்கே உப்பு, புளி வாங்க யாராவது வந்துவிடுவார்கள். வீட்டை ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் தொழிலுக்கு அப்படியில்லை. என்னிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவரின் மகள் சென்ற ஆண்டு இத்தொழிலைத் தொடங்கினார். சமையலறை, அலமாரி, பரண் ஆகியவற்றில் வேண்டாததைக் கழித்து, வேண்டியதைக் கைக்கு எட்டும்படி அடுக்கிக் கொடுப்பதுதான் வேலை. 2,000 நோட்டீஸ் அச்சடித்து, அதில் பாதியைச் செய்தித்தாளுக்குள் வைத்து அனுப்பினார். ஒருவரும் கூப்பிடவில்லை. "போட்ட பணம் போய்விட்டது அண்ணாச்சி" என்று தகப்பனார் வருத்தப்பட்டார்.

நகையும் பத்திரமும் இருக்கிற பீரோவை, முன்பின் தெரியாத ஆளுக்கு யார் திறந்து விடுவார்கள்? வீடு கிடக்கும் கோலத்தைப் பார்த்து என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் வேறு. இத்தொழிலுக்கு முதல் வாடிக்கை பழக்கத்தில்தான் வரவேண்டும். அந்தப் பழக்கம் நம் கல்லாவில் இருக்கிறது. எந்த வீட்டுக்குப் புதுக் குடித்தனம் வந்திருக்கிறது, எங்கே வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்பதெல்லாம் மளிகைக்காரருக்குத் தெரியாமலா இருக்கும்?

"முதலில் உங்கள் கடையை அடுக்கச் சொல்லுங்கள்" என்றேன். பழைய சரக்கு முன்னால், புதியது பின்னால், ஒவ்வொரு டப்பாவிலும் பெயர், தேதி. இரண்டு நாளில் கடையே மாறிவிட்டது. மாதச் சாமான் வாங்க வந்த ஆசிரியை ஒருவர் பார்த்துவிட்டு, "என் சமையலறையையும் இப்படிச் செய்ய முடியுமா?" என்று கேட்டார். அதுதான் போணி.

அந்தப் பெண் இலவசமாகவே செய்து தருவதாகச் சொல்லப் பார்த்தார். நான் தடுத்தேன். சும்மா செய்த வேலைக்கு இரண்டாவது ஆளிடம் எப்படிக் கூலி கேட்பது? ஒரே ஒரு அலமாரி, குறைந்த கூலி என்று பேசி முடித்தோம். உள்ளே பிரித்த பெருங்காய டப்பா மூன்று, வண்டு விழுந்த ரவை ஒரு பை. "இனி அந்த வீட்டுக்குப் பெருங்காயம் விற்காது" என்று தகப்பனார் சிரித்தார். வீட்டுக்காரரைக் கேட்காமல் ஒரு காகிதத்தைக்கூட எறியக் கூடாது. ஒரு வீட்டில் கண்டதை அடுத்த வீட்டில் சொல்லக் கூடாது. சொன்னால் அன்றோடு தொழில் போயிற்று. அந்த ஆசிரியையே தம் பள்ளியில் சொல்லி இரண்டு வீடுகள் பிடித்துக் கொடுத்தார்.

ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடிபோக மாட்டார்கள். ஆவணியிலும் தையிலும் சாமான் வண்டிகள் வரும். அப்போது கடையில் சொல்லி வைக்கலாம். போகிக்கு முன் பதினைந்து நாளும் நல்ல காலம். நம் மாநிலத்தில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை, ஆனாலும் முதல் நாளிலிருந்தே வரவு செலவு எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இதுவரை ஆறு வீடுகள் முடிந்திருக்கின்றன. மிச்சமுள்ள 1,000 நோட்டீஸின் பின்பக்கத்தில் தகப்பனார் சிட்டை எழுதிக்கொண்டிருக்கிறார்.