பழைய பிக்கப்புக்குப் புது டயர், ரிம்: அழகுக்கு முன்னாடி எந்த எண்ணைப் பார்க்கணும்?

அப்பா ஓட்டிய பழைய பிக்கப் இப்போ உங்க கைக்கு வந்திருக்கா? ஆயர் தாவார், சித்தியவான் பக்கம் இது சாதாரண விஷயம்தான். வார நாளில் செம்பனைக் குலை, உர மூட்டை. ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் குடும்பத்தோடு ஈப்போ. டயர் தேய்ந்ததும் முதலில் மனசு போவது கறுப்பு ரிம், அகலமான டயர் பக்கம்தான். ஆனால் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்தச் செட் எவ்வளவு எடை தாங்கும்?

டயரில் எழுதியிருப்பது என்ன?

ஓட்டுநர் கதவைத் திறங்க. கதவு நிலையில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வண்டிக்கான டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். உதாரணத்துக்கு 265/70 ஆர் 16 112 எஸ் என்று வைத்துக்கொள்வோம்.

265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்றால் பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 விழுக்காடு. ஆர் என்பது ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 112 என்பது சுமைக் குறியீடு. எஸ் என்றால் அதிகபட்ச வேகம் மணிக்கு 180 கிலோமீட்டர்.

112-க்கும் 100-க்கும் என்ன வித்தியாசம்?

சுமைக் குறியீடு 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 104 என்றால் 900 கிலோ, 109 என்றால் 1,030 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ.

பிக்கப்பில் ஏற்றும் சரக்கின் பெரும்பகுதி பின் சக்கரங்கள் மேல்தான் உட்காரும். 112 போட்ட இரண்டு டயர் சேர்ந்து 2,240 கிலோ தாங்கும். 100 போட்டது 1,600 கிலோதான். இடைவெளி 640 கிலோ. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு டயரும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அளவுக்கு மீறிய சுமையும் குறைவான காற்றும் சேர்ந்தால் டயரின் பக்கச் சுவர் ஓயாமல் மடங்கி மடங்கிச் சூடேறும். தோட்டச் சாலையில் மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. ஈப்போ-லுமுட் நெடுஞ்சாலையில் வேகம் எடுக்கும்போதுதான் வெடிக்கும். அதனால் ஸ்டிக்கரில் உள்ள சுமைக் குறியீட்டுக்குக் கீழே போகவே கூடாது. சுமை ஏற்றும்போது வேறு காற்றழுத்தம் சொல்லியிருந்தால் அதையே வையுங்க.

'ஆறு நட்டு, எல்லாம் ஒன்னுதான்' என்றால்?

போத்தோங் கடையில் பழைய ரிம் மலிவாகக் கிடைக்கும். "ஆறு நட்டு ரிம்தான் தம்பி, உட்காரும்" என்று சொல்வார்கள். அப்படியே நம்பிவிடாதீங்க. 2005-ல் வந்த தலைமுறை ஹைலக்ஸில் நட்டுகள் 139.7 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கும். டிரைட்டனிலும் அதே அளவுதான். ஆனால் நடுத் துளை ஹைலக்ஸில் சுமார் 106 மில்லிமீட்டர், டிரைட்டனில் சுமார் 67. அதனால் டிரைட்டன் ரிம் ஹைலக்ஸில் உட்காராது. அதே காலத்து நவாராவில் நட்டு வட்டமே 114.3 மில்லிமீட்டர்.

அடுத்தது ஆஃப்செட். இது குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் பேரிங்குக்குச் சுமை கூடும், சேறும் கல்லும் கதவில் அடிக்கும். டயர் மட்கார்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் ஜே.பி.ஜே சோதனையிலும் சிக்கல்.

ரிம்முக்கும் சுமை அளவு உண்டு. பின்பக்கம் திருப்பிப் பாருங்க, பல ரிம்களில் கிலோ கணக்கு பொறித்திருக்கும். ஜப்பானியத் தரக் குறியீட்டில் ஜே.டபிள்யூ.எல் என்பது காருக்கு, ஜே.டபிள்யூ.எல்-டி என்பது சரக்கு வாகனத்துக்கு.

ரிம்மைப் பெருசாக்கலாமா?

265/70 ஆர் 16 டயரின் மொத்த உயரம் சுமார் 777 மில்லிமீட்டர். 265/65 ஆர் 17 என்றால் 776, 265/60 ஆர் 18 என்றால் 775. மீட்டர் கணக்கு மாறாது. ஆனால் பக்கச் சுவர் 185 மில்லிமீட்டரிலிருந்து 159-க்கு இறங்கிவிடும். செம்மண் சாலைக் குழியிலும் கல்லிலும் அடியை வாங்குவது அந்தச் சுவர்தான். தோட்டத்துக்குள் போகும் வண்டிக்கு 16 அங்குலமே நல்லது.

285/75 ஆர் 16 போட்டால் உயரம் 834 மில்லிமீட்டர், 7 விழுக்காடு அதிகம். முன்பு சரியாகக் காட்டிய மீட்டர் இப்போ 90 காட்டினால் வண்டி உண்மையில் கிட்டத்தட்ட 97-ல் போகும். பழைய இன்ஜினும் பிரேக்கும் கூடுதலாக உழைக்கணும்.

பட்டன் விஷயத்தில், தார்ச் சாலையும் செம்மண்ணும் கலந்து ஓடினால் ஏ.டி வகை போதும். எம்.டி வகை சேற்றுக்கு நல்லது, ஆனால் ஈரமான தார்ச் சாலையில் பிடிமானம் குறைவு, இரைச்சலும் அதிகம்.

பட்டன் இருந்தால் டயர் நல்ல டயரா?

இல்லை. பக்கச் சுவரில் டி.ஓ.டி எழுத்துகளுக்குப் பின்னால் கடைசியாக நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ரப்பர் வெயிலிலும் காற்றிலும் இறுகி வெடிப்பு விடும், பால்மரம் சீவிய தாத்தா பாட்டியைக் கேட்டாலே சொல்வார்கள். ஐந்து ஆண்டு ஆனபின் ஆண்டுதோறும் சோதிக்கணும், பத்து ஆண்டு ஆனால் பட்டன் இருந்தாலும் மாற்றணும் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். ஸ்பேர் டயருக்கும் இதே கணக்குதான். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு இறங்கிவிட்டால் உடனே மாற்றணும். செலுப் டயர் என்றால் சிரிம் முத்திரை இல்லாததைத் தொடாதீங்க, முன் சக்கரத்துக்கும் வேண்டாம்.

கையில் காசு குறைவாக இருந்தால்?

பழைய ரிம் நெளியாமல், விரிசல் இல்லாமல் இருந்தால் அதையே வைத்துக்கொண்டு காசை டயரில் போடுங்க. இரண்டு டயர்தான் முடியும் என்றால் புதியதைப் பின்னால் போடுங்க. நான்கு சக்கர இயக்க வண்டியில் முன்னும் பின்னும் ஒரே உயரம் இருக்கணும், இல்லையென்றால் கியர் பாகங்கள் தேயும்.

கடையில் தவுக்கேயிடம் மூன்றே கேள்வி போதும்: சுமைக் குறியீடு எத்தனை? எந்த வாரம், எந்த ஆண்டு செய்தது? இந்த ரிம்முக்கு இந்த நட்டு பொருந்துமா? மாட்டியபின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடியும் இறுக்கச் சொல்லுங்க. ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியில் உட்காரப்போவது உங்க அம்மாவும் தங்கச்சியும்தான்.